பதில் இல்லாத கடிதங்கள்

2019இல் உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குள் வந்துவிட்ட திருக்கோவிலூரில் டேனிஷ் மிஷனின் சுவடுகள் இன்னும் உண்டு. அந்த மிஷனுக்காகத் தமிழகம் வந்த இளம்பெண் எஸ்தர் ஃபேரிங்குக்கு 1917 முதல் காந்தி எழுதிய கடிதங்களை 'மை டியர் சைல்ட்' என்று 1956இல் நவஜீவன் நூலாக்கியது. தலைப்பே அவரைக் குழந்தையாக்கிவிடுகிறது. மிஷனின் கட்டுப்பாடு ஒருபக்கம், ஆசிரமத்தின் அன்பு மறுபக்கம். இரண்டுமே கீழ்ப்படியச் சொல்லும் குரல்கள்தாம். சரி, எஸ்தர் என்னதான் எழுதினார்? அந்த நூலில் அவருடைய கேள்விகளைக் காந்தியின் பதில்களிலிருந்துதான் ஊகிக்க வேண்டியிருக்கிறது. கடைசியில் மிஷனைவிட்டு வெளியேறினாரே, அது அவர் செயலால் எழுதிய வரி. ஆனா, அவருக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்தவர், சமைத்துப்போட்டவர்? அவர்கள் ஊகத்துக்குள்கூட வருவதில்லை. எஸ்தரின் மௌனத்தை வாசிக்கிற நாம் இந்த இரண்டாவது மௌனத்தைத் தாண்டிப் போய்விட்டால், நம் வாசிப்பும் இன்னொரு மிஷன் ரிப்போர்ட்தான்.