அந்தக் கீழ் வீட்டுக்கு அடுத்து யார் வருவார்? – 'பாரசைட்' பற்றி ஒரு தாமதமான விமர்சனம்

(படத்தின் கடைசிக் காட்சி வரைக்கும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், அவசரமில்லை.)

போங் ஜூன்-ஹோவின் 'பாரசைட்' படத்தை மூன்று முறை பார்த்திருக்கிறேன். முதல் முறை 2020ல், நான்கு ஆஸ்கர் வாங்கிய சூட்டோடு. அப்போது எல்லாரையும் போல படிக்கட்டுகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். மேலே பணக்காரர், கீழே ஏழை, நடுவில் படிக்கட்டு என்று நண்பர்களிடம் அரை மணி நேரம் விளக்கியதெல்லாம் நினைவிருக்கிறது. இரண்டாம் முறை 2022 ஆகஸ்டில், சியோல் வெள்ளச் செய்தியைப் படித்தபிறகு. மூன்றாம் முறை 2024 ஜனவரியில், வேளச்சேரியில் அப்பா அம்மா இருக்கும் வீட்டின் ஹாலில். மிக்ஜாம் புயலின் தண்ணீர்க் கோடு சுவரில் என் இடுப்பு உயரத்துக்கு இன்னும் ஈரமாக இருந்தது. இந்தக் குறிப்பு அந்த மூன்றாம் முறையைப் பற்றியது.

முதலில் வீட்டுக்கதை. 1994ல் அப்பா கடன் வாங்கிக் கட்டிய தரைத்தள வீடு. 2015 டிசம்பரில் தண்ணீர் மார்பளவு வந்தது. 2021 நவம்பரில் முழங்கால் அளவு. 2023 டிசம்பரில் இடுப்பளவு. ஒவ்வொரு முறையும் பீரோ, மெத்தை, ஃபிரிட்ஜ், அம்மாவின் தையல் மெஷின் என்று ஒரு பட்டியல் தெருவுக்குப் போகும். மூன்றாம் தடவை முடிந்ததும் கோயம்புத்தூரில் இருக்கும் அண்ணன் போனில் சொன்னான்: "வித்துட்டு இங்க வந்துடுங்கப்பா. இன்னும் எத்தனை தடவை?" அப்பா பதில் சொல்லவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீதான் எல்லாத்தையும் ஆராய்ச்சி பண்றியே, நீயே சொல்லு" என்றார்.

வெள்ளத்தைப் பற்றிய படங்கள் இந்தக் கேள்விக்கு உதவுமா என்று பார்த்தால், பெரும்பாலும் உதவாது. 2023ல் வந்த மலையாளப் படம் '2018' நன்றாக எடுக்கப்பட்ட படம்தான். தண்ணீர் ஏறுவதையும் மீனவர்கள் படகோடு வருவதையும் பார்த்து நானும் கண் கலங்கினேன். ஆனால் தண்ணீர் வடிந்தபிறகு சேற்றை வழித்துப்போட்டு, மூன்றாம் நாள் வாசலில் உட்கார்ந்து "இனிமே இங்க இருக்கறதா, வேண்டாமா" என்று கேட்கும் நேரம் அதில் இல்லை. அந்தப் படத்தின் உயிர் மீட்பில் இருக்கிறது. வெள்ளத்தில் இரண்டு மூன்று முறை மாட்டியவர்களுக்கு நிஜமான கதை தொடங்குவது அதற்குப் பிறகுதான்.

'பாரசைட்' அந்த இடத்துக்கு வருகிறது. கிம் குடும்பம் இருப்பது பான்ஜிஹா என்று கொரியாவில் சொல்லும் வீட்டில். பாதி தரைக்குக் கீழே, பாதி மேலே. ஜன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர்களின் கால் தெரியும். 1970ல் வட கொரியாவோடு பதற்றமாக இருந்த காலத்தில், புதுக் கட்டடங்களுக்கு அடித்தளம் வேண்டும், போர் வந்தால் பதுங்கலாம் என்று தென் கொரியாவில் விதி போட்டார்கள். வீட்டுக்குப் பஞ்சம் வந்ததும் பதுங்குகுழி வாடகை வீடாகிவிட்டது. மனிதர் வசிப்பதற்கென்று திட்டமிடாத இடத்தில் மனிதர் வசிக்கிறார்கள்.

படத்தில் எல்லாரும் கவனித்த பொருள் ஒன்று உண்டு: அந்த வீட்டுக் கழிப்பறை. மேடை மாதிரி கட்டி, கூரையைத் தொடும் உயரத்தில் கோப்பையை வைத்திருப்பார்கள். முதல் முறை பார்த்தபோது அதை நகைச்சுவை என்று நினைத்தேன். தெருச் சாக்கடைக் குழாயைவிட வீடு தாழ்ந்திருந்தால் கழிவு எதிர்த்து வரும், அதனால் கோப்பையை உயர்த்துகிறார்கள். இந்தத் தடவை அப்பாவும் கூட உட்கார்ந்து பார்த்தார். சப்டைட்டில் படிக்கிற வேகம் அவருக்கு இல்லை, பாதியில் தூங்கிவிடுவார் என்று நினைத்தேன். அந்தக் காட்சியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "இது நம்ம வீட்டு டாய்லெட் மாதிரியே இருக்கே" என்றார்.

உண்மைதான். 2015ல் வாசல் வழியாகத் தண்ணீர் வருவதற்கு முன்பே டாய்லெட் வழியாக வந்துவிட்டது. அடுத்த வருஷம் மேஸ்திரி கோப்பையை ஒன்றரை அடி உயர்த்தி, இரண்டு படி கட்டிக்கொடுத்தார். நான்-ரிட்டர்ன் வால்வும் வைத்தோம். அந்த இரண்டு படிதான் எங்கள் வீட்டில் 2015க்கான நினைவுச்சின்னம். மழை இரவில் மகள் கி-ஜுங் அந்தக் கோப்பையின் மூடிமேல் உட்கார்ந்து, பொங்கி வரும் கழிவை அடக்கிக்கொண்டு சிகரெட் பற்றவைக்கும் காட்சியை யாரோ குறியீடு என்று எழுதியிருந்தார்கள். எங்கள் தெருவில் அதைக் குறியீடு என்று சொன்னால் சிரிப்பார்கள்.

இன்னொன்றையும் படம் சரியாகப் பிடித்திருக்கிறது. தண்ணீருக்குள் நின்றுகொண்டு எதை எடுப்பது என்ற கேள்வி. அப்பா கி-தேக் மனைவியின் பதக்கத்தை எடுக்கிறார். மகன் கி-வூ பரிசாக வந்த ஒரு கல்லை எடுக்கிறான். இரண்டாலும் அடுத்த நாள் சாப்பாட்டுக்கு உதவியில்லை. எங்கள் அம்மா 2015ல் எடுத்தது ரேஷன் கார்டையும் ஊறுகாய் ஜாடியையும். பத்திரம் பீரோவோடு நனைந்தது. ஏன் ஜாடியை எடுத்தாள் என்று இன்றைக்கும் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் காலை அந்தக் குடும்பம் ஒரு விளையாட்டு அரங்கில் நூற்றுக்கணக்கானவர்களோடு தரையில் படுத்திருக்கிறது. பணக்கார வீட்டு அம்மாளோ காரில் போனில் பேசிக்கொண்டு போகிறாள்: மழை பெய்தது நல்லதாகப் போயிற்று, தூசியெல்லாம் கழுவி வானம் பளிச்சென்று இருக்கிறது. இந்த அளவுக்குப் படத்தின்மேல் எனக்குக் குறையே இல்லை. என் விமர்சனம் முடிவைப் பற்றியது.

கடைசியில் கி-வூவும் அம்மாவும் மறுபடி அதே பான்ஜிஹாவில்தான் இருக்கிறார்கள். வெள்ளம் வந்து போன அதே வீடு, அதே ஜன்னல், வெளியே பனி. அவன் மனதில் ஒரு திட்டம்: நிறைய சம்பாதித்து, அந்த மேட்டு வீட்டை வாங்கி, அதன் நிலவறையில் மறைந்திருக்கும் அப்பாவை வெளியே வரச்செய்வது. அது நடக்காது என்று படத்துக்கும் தெரியும், நமக்கும் தெரியும். விமர்சகர்கள் பெரும்பாலும் இந்த நடக்காமையைத்தான் எழுதினார்கள். நானும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

ஆனால் நடந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கி-வூ மேட்டு வீட்டுக்குப் போய்விட்டான். அந்தக் கீழ் வீட்டுக்கு அடுத்து யார் வருவார்? படம் இதைக் கேட்கவில்லை. வெள்ளத்திலிருந்து தப்பிக்க அது காட்டும் ஒரே வழி ஒரு குடும்பம் மேலே ஏறுவது. கீழ் வீடு அங்கேயே இருக்கிறது, வாடகைப் பலகையோடு.

இது படத்துக்கு வெளியே வெறுமனே கேட்கும் கேள்வி அல்ல. 2022 ஆகஸ்ட் 8 இரவு சியோலில் ஒரு மணி நேரத்துக்கு 140 மி.மீ.க்கு மேல் மழை கொட்டியது. சில்லிம்-தோங் பகுதியில் ஒரு பான்ஜிஹாவுக்குள் தண்ணீர் புகுந்து மூன்று பேர் இறந்தார்கள், அதில் ஒரு சிறுமி. உலகப் பத்திரிகைகள் எல்லாம் இந்தப் படத்தின் பெயரைச் சொல்லித்தான் எழுதின. சில நாட்களிலேயே பான்ஜிஹாக்களைப் படிப்படியாக ஒழிக்கப்போவதாக நகர நிர்வாகம் அறிவித்தது. சியோலில் அப்போது சுமார் 2 லட்சம் குடும்பங்கள் அப்படிப்பட்ட வீடுகளில் இருந்தன. அவர்கள் தரப்பில் எழுந்த கேள்வி ரொம்ப எளிமையானது: இதே வாடகைக்கு வேறு எங்கே போவது? தண்ணீர் வரும் என்று தெரியாமல் யாரும் அங்கே இருக்கவில்லை.

சென்னைக்காரர்களுக்கு இதில் புதிதாக ஒன்றுமில்லை. கூவம், அடையாறு கரைகளில் இருந்த குடும்பங்களை வெள்ள ஆபத்தைச் சொல்லித்தான் பெரும்பாக்கத்துக்கும் செம்மஞ்சேரிக்கும் அனுப்பினார்கள். அந்த இரண்டு இடமும் பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை ஒட்டிய தாழ்வான பகுதி. பெருமழை வந்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கிறது. "இருப்பதா போவதா" என்ற கேள்வியே அவர்களிடம் கேட்கப்படவில்லை. பட்டா வைத்திருக்கும் எங்களைப் போன்றவர்களுக்குத்தான் அது வருகிறது. 'ஏரியில வீடு கட்டினா தண்ணி வரத்தான் செய்யும்' என்று திட்டுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: முகப்பேரில் ஏரித் திட்டம் என்ற பெயரிலேயே ஒரு குடியிருப்பு இருக்கிறது. ஏரியில் வீடு கட்டுவது தனி ஆட்களின் பேராசை மட்டும் இல்லை.

இனி எங்கள் வீட்டுக்கு. முன்னால் மூன்று வழி இருந்தது.

ஒன்று, வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குவது. சுவரின் அடியில் வரிசையாக ஜாக்கிகளை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, மூன்று நான்கு அடி உயர்த்திவிடுகிறார்கள். எங்கள் தெருவிலேயே இரண்டு வீடு அப்படி உயர்ந்துவிட்டது. ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதில் எங்கள் வாசல்படி இரண்டு ஏற்கெனவே மண்ணுக்குள் போயிற்று. பழைய தார் அடுக்கைச் சுரண்டிவிட்டுத்தான் புதிதாகப் போடவேண்டும் என்று 2021ல் தலைமைச் செயலாளரே சுற்றறிக்கை விட்டார், அது வேறு கதை. உயர்த்திய வீட்டுக்காரர்கள் மனையையும் மண் அடித்து உயர்த்துகிறார்கள். முன்பு அங்கே நின்ற தண்ணீர் இப்போது அடுத்த மனையில் நிற்கிறது.

இரண்டு, விற்பது. புரோக்கர் வந்து பார்த்தார். "இப்ப வேணாம் சார். பெயின்ட் அடிச்சு வைங்க, ஏப்ரல்ல பார்ட்டி கூட்டிட்டு வரேன்" என்றார். ஏன் ஏப்ரல் என்று அப்பா கேட்கவில்லை. தெரியும்.

மூன்று, அண்ணன் பிறகு யோசித்துச் சொன்னது. மாடி கட்டி அப்பா அம்மா மேலே போய்விடுவது, கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுவது. வருகிற வாடகையில் கடன் தவணை அடையும். கணக்கு சரியாக வந்தது. நானும் எக்ஸெல்லில் போட்டுப் பார்த்து, இதுதான் புத்திசாலித்தனம் என்று முடிவு செய்திருந்தேன்.

படம் முடிந்து, அந்தக் கீழ் வீட்டு ஜன்னலில் பனி விழுவதைப் பார்த்தபோதுதான் உறைத்தது. நாங்கள் கட்டப்போவது ஒரு பான்ஜிஹா. வேளச்சேரியில் வாடகை குறைவாக வேண்டும் என்று வரும் ஒரு குடும்பத்துக்கு, எந்த அளவு தண்ணீர் வரும் என்று எங்களுக்குச் சென்டிமீட்டர் கணக்கில் தெரிந்த ஒரு வீட்டைக் கொடுக்கப்போகிறோம். மூன்று வழியையும் வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒன்றுதான்: தண்ணீரை எங்களிடமிருந்து இன்னொருவருக்கு மாற்றிவிடுவது. அடுத்த மனைக்காரருக்கு, ஏப்ரலில் வாங்குகிறவருக்கு, அல்லது வாடகைக்கு வருகிறவருக்கு.

இதை அம்மாவிடம் சொன்னேன். அவள் படம் பார்க்கவில்லை, துணி மடித்துக்கொண்டிருந்தாள். "ராத்திரியில தண்ணி வந்தா அந்தப் புள்ளைங்க மாடிக்குத்தானே ஓடி வரும். கதவத் தொறக்காம இருப்போமா? அப்புறம் என்ன வாடகை?" என்றாள். எக்ஸெல்லில் அதற்குக் கட்டம் இல்லை.

இப்போது மாடி வேலை நடக்கிறது. கீழே யாரும் படுக்கப்போவதில்லை. வண்டி நிறுத்தவும் சாமான் வைக்கவும் மட்டும். மீட்டர் பாக்ஸ் மேலே போய்விட்டது. மனையை உயர்த்தவில்லை. வாடகை வராததால் தவணையில் பாதி என் சம்பளத்திலிருந்து போகிறது. அண்ணனுக்கு இன்னும் கோபம்தான். அவன் கோபத்திலும் நியாயம் இருக்கிறது. அப்பாவுக்கு முழங்கால் வலி, மாடிப்படி ஏறுவது கஷ்டம். இப்படிச் செய்ய முடிந்ததே என் சம்பளத்தில் தவணை கட்ட இடம் இருந்ததால்தான் என்பதையும் மறைக்கவில்லை. எங்கள் தெருவில் எல்லா வீட்டாலும் இது முடியாது. முடியாதவர்களை யாரும் குறை சொல்லவும் கூடாது.

'பாரசைட்' நல்ல படம், இப்போதும் சொல்வேன். கீழ் வீட்டில் இருப்பவன் எவ்வளவு ஏங்கினாலும் மேலே போக முடியாது என்பதை அது அப்பட்டமாகச் சொல்லிவிட்டது. போக முடிந்தவன் கீழ் வீட்டை என்ன செய்யவேண்டும் என்ற கேள்வியை விட்டுவிட்டது. போன வாரம் மேஸ்திரி பழைய டாய்லெட்டை இடிக்கட்டுமா என்று கேட்டார். அந்த இரண்டு படியை மட்டும் விட்டுவைக்கச் சொல்லியிருக்கிறார் அப்பா.