ஃபியர்ஸ் டு ஃபேதம்: விமர்சனப் பார்வை

ஃபியர்ஸ் டு ஃபேதம், இந்தியரான முகுல் நேகி 2021 முதல் அத்தியாயங்களாக வெளியிட்டுவரும் உளவியல் திகில் கணினி விளையாட்டு. ஓர் அத்தியாயத்தை ஓரிரவில் ஆடி முடித்துவிடலாம். முதல் அத்தியாயத்தில், வீட்டில் தனித்திருக்கும் 14 வயதுச் சிறுவனை அச்சுறுத்துவது பேயல்ல, உள்ளே நுழையும் அந்நியன். பிந்தைய அத்தியாயங்களில் ஆடுபவரின் குரலையும் மைக் வழியே விளையாட்டு கேட்கிறது. ஒளிந்திருக்கையில் இருமக்கூட முடியாது. தொடரின் சிறந்த உத்தி இதுவே.

ஆனால் கதை நடப்பது அமெரிக்காவில். இரண்டாம் அத்தியாயத்தின் மோட்டலை ஹாலிவுட் படங்களில் பலமுறை பார்த்தாயிற்று. அச்சமும் இரவலாகவே வருகிறது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்டு, திருத்தணி மலையடிவார விடுதியில் தாழ்ப்பாள் சரியாக விழாத அறையில் படுத்தவருக்குத் தெரிந்த அச்சம் வேறு: வராந்தாவில் நடந்துவந்து சட்டென நின்றுவிடும் செருப்புச் சத்தம். அதை இத்தொடர் தொடவில்லை.