கிணற்றில் கலந்த நஞ்சு

அளவை நூல்கள் வாத வழுக்களை எண்ணிப் பெயரிட்டுத் தருகின்றன. மணிமேகலையின் 29ஆம் காதையும் பக்கப்போலி, ஏதுப்போலி, திட்டாந்தப்போலி என அவற்றை வகுத்துரைக்கின்றது. ஆயின் வாதத்தை விட்டு வாதிடுவோனையே தாக்கும் வழு ஒன்று உண்டு. அதனை இனங்காண விழைவோர், 2019இல் புனிதராக உயர்த்தப்பெற்ற ஜான் ஹென்றி நியூமனின் 'அப்பொலோஜியா'வைப் படித்தல் நன்று. தன்வரலாறு என்றே போற்றப்படும் அந்நூல், ஒரு பொய்வாதத்திற்கு எழுந்த மறுப்பு என்பதை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம்.

1864 சனவரியில் மாக்மில்லன் இதழில் ஒரு நூல் மதிப்புரை வெளிவந்தது. எழுதியவர் சார்ல்ஸ் கிங்ஸ்லி. ஆங்கிலிக்கன் குரு, நாவலாசிரியர், கேம்பிரிட்ஜில் வரலாற்றுப் பேராசிரியர். உண்மையை உண்மைக்காகவே பேணுதல் கத்தோலிக்கக் குருக்களிடம் என்றுமே நற்பண்பாக இருந்ததில்லை என்றும், அது தேவையில்லை என நியூமனே கற்பிக்கிறார் என்றும் போகிற போக்கில் எழுதிவிட்டார். எங்கே அவ்வாறு கற்பித்தேன் என்று நியூமன் வினவினார். கிங்ஸ்லி சான்றாகக் காட்டியது 1844இல் அச்சேறிய ஒரு மறையுரை. நியூமன் கத்தோலிக்கரானதோ 1845 அக்டோபர் 9ஆம் நாள்! ஆங்கிலிக்கன் குருவாயிருந்தபோது ஆற்றிய உரையைக் கொண்டு கத்தோலிக்கக் குருக்கள் அனைவர்மீதும் தீர்ப்பெழுதுவதைவிடத் தெளிவான ஏதுப்போலி வேண்டுமோ? அவ்வுரையிலும் அக்கருத்து இல்லை என்பது தனிச்செய்தி.

இவ்வளவோடு நின்றிருந்தால் ஆண்டுக்கணக்கைக் காட்டித் திருத்தியிருக்கலாம். பின்னர் கிங்ஸ்லி வெளியிட்ட சிறுநூலில் வந்ததே கொடிது. இவர் என்ன விடை கூறினும் அது இரட்டுற மொழியும் தந்திரமாயிராது என்று எப்படி நம்புவது எனக் கேட்டார். கிணறுகளில் நஞ்சிடுதல் என்று நியூமன் இதற்குப் பெயரிட்டார். மறுத்தால், பொய்யன் மறுக்கத்தானே செய்வான் என்பர். வாளாவிருந்தால் குற்றம் மெய்யாகும். சான்று காட்டினாலோ அச்சான்றே சூழ்ச்சிக்குச் சான்றாகிவிடும். நீர் ஊறும் இடத்திலேயே நஞ்சு கலந்தபின் எந்தக் குடத்தில் மொண்டால் என்ன?

பிறர் திருச்சபையை நோக்கி இவ்வாறு பேசும்போது நாம் உடனே கண்டுகொள்கிறோம். பங்குப் பேரவையில் ஓர் இளைஞர் வரவுசெலவுக் கணக்கைக் கேட்டவுடன், 'இவர் யார் தூண்டிப் பேசுகிறார்?' என்று குரல் எழுகிறதே, அங்கே கண்டுகொள்கிறோமா? அன்று கூட்டம் கலைகிறது. கணக்கு கேட்டபடியே நிற்கிறது.

நியூமன் முக்கூற்று முடிபுகளை அடுக்கி விடையிறுக்கவில்லை. நஞ்சிட்ட கிணற்றுக்கு அது மருந்தாகாது என்பதை அறிந்திருந்தார். 1864 ஏப்ரல் 21 முதல் சூன் 2 வரை வியாழன்தோறும் பகுதி பகுதியாகத் தம் உள்ளம் நடந்துவந்த வழியைத் தடுமாற்றங்களோடும் விரித்துவைத்தார். தம்மை நம்பும்படி வேண்டாமல், நம்பலாமா என்று படிப்போரே ஆய்ந்துகொள்ளக் கிணற்றின் ஆழத்தைத் திறந்துகாட்டினார். நம் கருத்தில் நூலின் வலிமை இங்கேதான் உள்ளது.

முதலிரு பகுதிகளை அவ்வாறு சொல்வதற்கில்லை. அங்கே எதிராளியைச் சாடும் சொல்வன்மை மிகுதி. இன்று படிப்போருக்கு அதில் சிறிது கசப்பும் தட்டும். 1865ஆம் ஆண்டுப் பதிப்பில் அவ்விரண்டையும் அவரே நீக்கிவிட்டார். பத்தாண்டுகள் கழிந்து, 1875இல் கிங்ஸ்லி இறந்த செய்தி எட்டியதும் அவருடைய ஆன்ம இளைப்பாற்றிக்காகத் திருப்பலி ஒப்புக்கொடுத்தார்.