ஆதிமூலத்தின் அரூப ஓவியங்கள்

கே.எம். ஆதிமூலம் (1938-2008) கோட்டோவியங்களால் புகழ்பெற்ற தமிழக ஓவியர். தன் கலைவாழ்வின் பிற்பகுதியில் உருவங்களை விட்டு, எண்ணெய் வண்ணத்தில் அரூப ஓவியங்களை வரைந்தார். முன்திட்டத்தைவிட உள்ளுணர்வுக்கு அதிக இடமளிப்பவை இவை.

பின்னணி

திருச்சி மாவட்டத்தில் பிறந்த ஆதிமூலம், சென்னையில் சிற்பி எஸ். தனபாலின் வழிகாட்டலில் வளர்ந்தார். சென்னை அரசு ஓவியக் கல்லூரியில் பயின்று 1966-ல் பட்டயம் பெற்றார். 1969-ல் வந்த காந்தி நூற்றாண்டை ஒட்டி அவர் வரைந்த நூறு காந்தி கோட்டோவியங்கள் பெரும் கவனம் பெற்றன. அடுத்து வரைந்த மன்னர் வரிசையில் அதிகாரத்தின் ஆடம்பரத்தைக் கேலியுடன் காட்டினார். சிற்றிதழ்கள், நூல் அட்டைகள் வழியாக அவரது கோடும் கையெழுத்தும் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமாயின.

உள்ளுணர்வும் பயிற்சியும்

அரூப ஓவியத்தில் முதலில் இடும் வண்ணமே அடுத்த வண்ணத்தைக் கேட்கிறது. எங்கே நிறுத்துவது என்பதை ஓவியரின் கண் முடிவு செய்கிறது. ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி உள்ளெழுச்சியில் பிறந்த தன் ஓவியங்களை ‘இம்ப்ரொவைசேஷன்’ என்றும், நெடிய முன்தயாரிப்புடன் உருவானவற்றை ‘காம்போசிஷன்’ என்றும் பிரித்தார். கர்நாடக இசையில் இதை மனோதர்மத்துடன் ஒப்பிடலாம். ராகத்தைப் பல்லாண்டு பாடிப் பழகியவருக்கே ஆலாபனை தடையின்றி வரும். ஆதிமூலத்தின் உள்ளுணர்வுக்கும் அத்தகைய அடித்தளம் உண்டு. ஒரே மனிதரை நூறு முறை வரைந்த கை, எதை விடலாம் என்பதை அறிந்திருந்தது.

பார்க்கும் முறை

இவ்வோவியங்களில் நிலக்காட்சியின் சாயல் உண்டு. மாலையில் புழல் ஏரிக்கரையில் நிற்பவருக்கு ஒரு கணம் கரை, நீர், வானம் என்ற பெயர்கள் மறைந்து மூன்று நிறப்பட்டைகள் மட்டும் தெரியக்கூடும். அந்தக் கணத்தின் அனுபவத்தை ஒத்தவை இவை. ‘இது என்ன உருவம்?’ என்று தேடாமல், எந்த நிறம் முன்னே வருகிறது, எது பின்வாங்குகிறது என்று பார்ப்பது நல்ல தொடக்கம்.

மதிப்பீடு

‘இதைக் குழந்தையும் வரையும்’ என்பது அரூப ஓவியத்தின் மீதான பழைய குற்றச்சாட்டு. ஆதிமூலத்தின் கோட்டோவியங்களை அறிந்தவர் அவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வரையத் தெரிந்தே அவர் உருவத்தைத் துறந்தார். ஆனால் அந்தத் துறவில் ஓர் இழப்பும் உண்டு. மன்னர் வரிசையின் கூர்மையும் கேலியும் வண்ணப்பரப்புகளில் இல்லை. சிலவற்றில் நிறங்களின் இணக்கம் அலங்காரமாகவே நின்றுவிடுகிறது. எனினும், புகழ் தந்த கோட்டை விட்டுவிட்டு, தெரியாத ஒன்றை நோக்கி நகர்ந்த துணிவே ஆதிமூலத்தின் முதன்மைப் பங்களிப்பு.