உடைபட்ட நடராசர்: 'சீமந்த ஹீரா' பற்றிய ஒரு திறனாய்வு

களவினைப் பொருளாகக் கொண்ட கதைகளை இருவகையாகப் பகுக்கலாம். கள்வன் யார் எனத் தேடுவன ஒருவகை. களவுபோன பொருள் யாண்டுளது எனத் தேடுவன மற்றொரு வகை. பாசு சட்டர்ஜி இயக்கி, 1993ஆம் ஆண்டில் தூரதர்சனில் ஒளிபரப்பாகிய 'பியோம்கேஷ் பக்சி' என்னும் இந்தித் தொடரின் 'சீமந்த ஹீரா' என்ற பகுதி இரண்டாம் வகையைச் சார்ந்தது. வங்க எழுத்தாளர் சரதிந்து பந்தோபாத்யாயர் எழுதிய சிறுகதையே அதற்கு மூலம். தமிழாய்வு செய்யும் நாம் இதனை ஈண்டு எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. கதையின் நடுவே நிற்பது நடராசர் திருவுருவம்.

நிலக்கிழார் குடும்பம் ஒன்றின் பழம்பெரும் வைரம் கண்காட்சிக்குச் சென்றவிடத்தில் களவுபோகின்றது. கவர்ந்தவர் அக்குடும்பத்துப் பெரியவரே என்பது தொடக்கத்திலேயே தெரிந்துவிடுகின்றது. அவர் சிறந்த சிற்பியும் ஆவார். அவர் வடித்த நடராசர் பெரும்புகழ் பெற்றது. அதனைப் போலச் சாந்தினால் செய்த சிறு படிமம் ஒன்றனுள் வைரம் மறைந்துள்ளது. துப்பறியும் பியோம்கேஷ், தம் கைக்கு வந்த படிமத்தின் அடியில் ஓர் அடையாளம் இடுகின்றார். பின்னர் அவ்வடையாளம் இல்லாமை கண்டு, படிமம் மாற்றப்பட்டதை உணர்கின்றார். தாமும் அவ்வாறே மாற்றி எடுத்து, உடைத்து, வைரத்தை வெளிக்கொணர்கின்றார்.

கதைக்கட்டு குறையற்றது. எல்லார் கண்ணிலும் படுமாறு வைப்பதே சிறந்த மறைப்பு என்னும் உத்தியை எட்கர் ஆலன் போ 1844இல் வெளிவந்த தம் கடிதக்களவுக் கதையில் கையாண்டார். அவ்வுத்தி இங்கே சிற்பியின் செருக்கோடு இணைந்து புதுப்பொலிவு பெறுகின்றது. ஆயினும் ஒரு குறை நம் நெஞ்சை உறுத்துகின்றது. நடராசர் இங்கே வெறும் பேழை; ஒரு படிமத்திற்கு மற்றொன்று ஈடு. உடைந்தபோது எவரும் வருந்துவதில்லை.

வைரக் கதையில் திருமேனியின் மாண்பைத் தேடுதல் முறையோ எனின், முறையே என்போம். ஆசிரியர் ஏதோ ஒரு பூச்சாடியைக் கொள்ளாது நடராசரைக் கொண்டார். அவ்வுருவின் பெருமையைக் கதைக்குப் பயன்படுத்திய பின், அப்பெருமையைக் கதைமுடிவு மறத்தல் பொருந்தாது.

நடைமுறையில் நிகழ்ந்த களவுகளை நோக்கின் இது மேலும் தெளிவாகும். சோழநாட்டுப் பத்தூரில், பாழடைந்த சிவன்கோயிலருகே 1976ஆம் ஆண்டில் மண்ணிலிருந்து வெளிப்பட்ட நடராசர் கடல் கடந்தார். 1982இல் கனடா நாட்டு நிறுவனம் ஒன்று அவரை விலைக்கு வாங்கியது. இலண்டன் நீதிமன்றத்தில் எழுந்த வினா, கள்வன் யார் என்பதன்று. இவர் அவ்வூர் நடராசர்தாமா என்பதே. பத்தூரிற் கிடைத்த பிற திருமேனிகளோடு ஒப்பிட்டு அறிஞர் சான்று பகர்ந்தனர், தொல்லியலறிஞர் இரா. நாகசாமி அவருள் ஒருவர். கோயிலே வழக்காடும் தகுதியுடையதாக ஏற்கப்பட்டது. 1988இல் கிடைத்த வெற்றியை 1991இல் மேல்முறையீட்டு மன்றமும் உறுதிசெய்ய, நடராசர் தாயகம் திரும்பினார். கதை உடைத்துத் தீர்வு கண்டது. வழக்கோ பிரிந்ததைச் சேர்த்துத் தீர்வு கண்டது.

அடையாளம் என்னும் கருத்தும் அவ்வாறே. அரியலூர் வட்டாரத்து ஸ்ரீபுரந்தானிலிருந்து களவாடப்பட்ட நடராசரை ஆஸ்திரேலிய நாட்டுக் கலைக்கூடம் 2008இல் ஏறத்தாழ 50 இலட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் முன்னரே எடுத்து வைத்திருந்த ஒளிப்படம் உண்மையைக் காட்டிற்று. 2014இல் அவர் மீண்டார். பியோம்கேஷ் இட்ட அடையாளம் மாற்றத்தைக் காட்டியது. ஒளிப்படம் ஊரையே காட்டியது.

இனி, இழந்தோர் குரலைக் காண்போம். தொடரில் இழந்தவர் துப்பறிவாரை நாடுவோராகத் தோன்றி, தம் பொருளைப் பெற்றதும் மகிழ்வதோடு அமைகின்றார். சேவூர்க்கு அணித்தாகிய அவிநாசியை அடுத்துள்ளது திருமுருகன்பூண்டி. சேரமான் பெருமாள் அளித்த பொருளோடு வந்த சுந்தரரை ஆங்கே வேடர் வடிவில் வந்த பூதகணங்கள் கொள்ளையிட்டன என்பது வரலாறு. அப்போது பாடிய பதிகத்தில் சுந்தரர் பொருளை மட்டும் கேட்டாரல்லர். வழிப்பறி நிகழும் இவ்விடத்தில் நீர் எதற்காக இருக்கின்றீர் என இறைவனையே வினவினார். களவு, பொருளை மட்டுமன்றி இடத்தின் மீதுள்ள நம்பிக்கையையும் கவர்கின்றது என்னும் உண்மை அவ்வினாவில் அடங்கியுள்ளது. திருமேனியை இழந்த சிற்றூர் ஒவ்வொன்றும் கேட்கத்தக்க வினா அது.

ஆகவே, 'சீமந்த ஹீரா' அறிவுப்போர்க் கதை என்ற அளவில் வெற்றி பெற்றது. கலைக்களவின் கதை என்ற அளவில் பாதி வழியே சென்றது. மறுபாதியைத் தமிழில் எழுத முற்படுவார்க்கு நீதிமன்ற ஆவணங்களும் பதிகமும் ஒருங்கே துணைசெய்யும். ஆய்வு மாணவர் தத்தம் ஊர்க்கோயில் திருமேனிகளைப் படத்துடனும் அளவுடனும் பதிவுசெய்தல் அதனினும் விரைந்து செய்தற்குரிய பணியாகும். சேவூர் வாலீசுவரர் கோயில் உள்ளிட்ட கொங்குநாட்டுக் கோயில்களை அறிந்த நாம் இதனை வலியுறுத்துகின்றோம். ஊரார் எழுதிவைத்த அடையாளமே ஒருநாள் சான்றாக நிற்கும்.