வயிற்றுப்போக்குக்கும் காசநோய்க்கும் ஒரே மாத்திரையா?

சிப்ரோஃப்ளாக்சசின், நார்ஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின். தமிழ்நாட்டில் இந்தப் பெயர்களில் ஒன்றையாவது மருந்துச் சீட்டில் பார்க்காத குடும்பம் அரிது. நான்கும் ஃபுளோரோகுவினோலோன் என்னும் ஒரே ஆன்டிபயாடிக் வகையைச் சேர்ந்தவை. இவற்றைப் பற்றி வந்துள்ள ஆய்வுகளை ஒருங்கே பார்த்தால் ஒரு முடிவுக்கு வர முடிகிறது. மருந்து அருமையானது, அதை எடுத்ததற்கெல்லாம் எழுதித் தரும் வழக்கம்தான் கேடு.

மலேரியா மருந்தான குளோரோகுயினைத் தயாரிக்கும்போது கிடைத்த துணைப்பொருளிலிருந்து 1962-இல் ஜார்ஜ் லெஷர் குழுவினர் நாலிடிக்சிக் அமிலத்தைக் கண்டார்கள். அது சிறுநீர்த் தொற்றுக்கு மேல் பெரிதாக உதவவில்லை. அந்த மூலக்கூறின் வழியில் ஃபுளோரின் அணுவைச் சேர்த்து உருவாக்கிய மருந்துகளுக்கு வீச்சு பெருகியது. 1980களில் நார்ஃப்ளாக்சசினும் சிப்ரோஃப்ளாக்சசினும் சந்தைக்கு வந்தன. பாக்டீரியா தன் டி.என்.ஏ. இழையின் முறுக்கைச் சரிசெய்யப் பயன்படுத்தும் நொதிகளை இவை முடக்குகின்றன. இழை அறுபட்டுக் கிருமி சாகிறது. விழுங்கினாலே இரத்தத்தில் நன்கு சேர்ந்து எலும்பு, நுரையீரல், புரோஸ்டேட் வரை ஊடுருவும். ஊசி போட்டுப் படுக்கவைக்க வேண்டிய பல நோயாளிகளை இவை வீட்டிலேயே குணப்படுத்தின.

இவற்றால் காப்பாற்றப்பட்ட உயிர்கள் ஏராளம். 1990 வாக்கில் குளோராம்ஃபெனிகால், ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் மூன்றுக்கும் அடங்காத டைபாய்டு இந்தியாவில் பரவியபோது கைகொடுத்தது சிப்ரோஃப்ளாக்சசின்தான். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத காசநோய்க்கு 2022-இல் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த ஆறு மாத மாத்திரைச் சிகிச்சையில் மாக்சிஃப்ளாக்சசின் ஓர் அங்கம். அத்தகைய நோயாளியின் வீட்டாருக்கு நோய் வராமல் தடுக்க லெவோஃப்ளாக்சசினை 2024-இல் அதே நிறுவனம் பரிந்துரைத்தது.

தீங்குகளின் பட்டியலும் சிறியதல்ல. குதிகால் தசைநாண் வீங்கலாம், அறுந்தும் போகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2008-இல் கட்டமிட்ட எச்சரிக்கை விடுத்தது. அறுபது வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு எடுப்பவர்களுக்கும் அந்த ஆபத்து அதிகம். 2013-இல் நிரந்தரமாகிவிடக்கூடிய நரம்புப் பாதிப்பு குறித்தும், 2018-இல் மனக்குழப்பம், சர்க்கரைத் தாழ்வு, பெருந்தமனிக் கிழிவு குறித்தும் எச்சரிக்கைகள் வந்தன. வேறு மருந்து இருக்கும்போது சைனஸ் தொற்று, மூச்சுக்குழாய் அழற்சி, சிக்கலற்ற சிறுநீர்த் தொற்று ஆகியவற்றுக்கு இவற்றைத் தர வேண்டாம் என்று 2016-இல் அந்த அமைப்பு கூறியது. 2024 ஜனவரியில் பிரிட்டன், பரிந்துரைக்கப்படும் பிற ஆன்டிபயாடிக்குகள் பொருந்தாத நிலையில் மட்டுமே இவற்றைத் தரலாம் என்று கட்டுப்படுத்தியது.

இந்த எச்சரிக்கைகளுக்கு அடிப்படையான ஆய்வுகளையும் அலசித்தான் ஏற்க வேண்டும். பெரும்பாலானவை பழைய மருத்துவப் பதிவுகளை ஒப்பிட்டவை. கடும் நோயாளிக்கே வலுவான மருந்து தரப்படுவதால், நோயின் விளைவு மருந்தின் கணக்கில் ஏறிவிட வாய்ப்புண்டு. 2020-இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு இதைக் காட்டியது. நிமோனியா நோயாளிகளிடையே அசித்ரோமைசினோடு ஒப்பிட்டபோது தமனிப் பாதிப்பு கூடுதலாகத் தெரிந்தது. சிறுநீர்த் தொற்று உள்ளவர்களிடையே கோட்ரைமாக்சசோலோடு ஒப்பிட்டபோது வேறுபாடே இல்லை. ஆகவே தமனி ஆபத்தின் அளவு இன்னும் விவாதத்துக்குரியது. தசைநாண், நரம்பு, சர்க்கரைத் தாழ்வு ஆகியவற்றுக்கான சான்றுகள் அதைவிட உறுதியானவை. இவை அரிதாக நேர்பவைதான். ஆனால் உயிர் குடிக்கும் காசநோயில் ஏற்கத்தக்க அரிய ஆபத்து, தானே குணமாகும் வயிற்றுப்போக்கில் ஏற்கத்தக்கதல்ல.

நம் ஊரில் வழக்கம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. பெரும்பாலான வயிற்றுப்போக்குக்குத் தேவை உப்பு சர்க்கரைக் கரைசல். கடையில் கைக்கு வருவதோ ஆஃப்ளாக்சசின், ஆர்னிடசோல் கூட்டு மாத்திரை. சர்க்கரை நோய்க்குக் கிளிமிபிரைடு விழுங்கும் முதியவருக்கு இந்த வகை மருந்தும் சேர்ந்தால் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சர்க்கரை நோயாளிகள் மலிந்த மாநிலத்தில் இதைச் சின்ன விஷயமென்று ஒதுக்க முடியாது. இரத்தச் சர்க்கரையைக் குலைத்த காட்டிஃப்ளாக்சசின் அமெரிக்கச் சந்தையிலிருந்து 2006-இல் விலகியது. இந்தியா அதைத் தடைசெய்தது 2011-இல்.

எல்லாவற்றிலும் பெரிய கேடு காசநோயை மறைப்பது. தீராத இருமலோடு வருபவருக்குச் சளிப் பரிசோதனை செய்யாமல் லெவோஃப்ளாக்சசின் கொடுத்தால் காசநோய்க் கிருமியும் கொஞ்சம் அடங்கும். இருமல் குறைந்ததும் நோயாளி நிம்மதியடைவார். நோய் கண்டுபிடிக்கப்படுவது தள்ளிப்போகும். அதற்குள் வீட்டாருக்குப் பரவும். கிருமி எதிர்ப்பாற்றலும் பெறலாம். மருந்தெதிர்ப்புக் காசநோய்க்கு வைத்திருக்கும் முக்கிய மருந்தை இப்படி நாமே முனை மழுங்கச் செய்கிறோம்.

டைபாய்டில் அது நடந்தே விட்டது. சிப்ரோஃப்ளாக்சசின் இன்று இந்தியாவில் டைபாய்டுக்கு நம்பத்தக்க மருந்தல்ல. நோயாளிகள் விழுங்கியது மட்டுமே இதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஹைதராபாத் அருகே பட்டன்செருவில் மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரிக்கும் நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃப்ளாக்சசின் இருந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. சிகிச்சையின்போது மனித இரத்தத்தில் சேரும் அளவைவிட இது அதிகம்.

கிருமி வளர்ப்புப் பரிசோதனை வசதியில்லாத சிற்றூரில் மருத்துவர் என்ன செய்வார் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பரந்த வீச்சுள்ள மருந்து அவருக்கு ஒரு பாதுகாப்பு. ஆனால் அந்தக் கேள்விக்கு விடை வட்டாரந்தோறும் ஆய்வகம் அமைப்பதே. எல்லோருக்கும் ஒரே மாத்திரை எழுதுவது விடையாகாது.

சட்டத்திலும் ஓட்டை உண்டு. விற்பனையைப் பதிவேட்டில் குறிக்கச் சொல்லும் ‘எச் 1’ அட்டவணை 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தபோது லெவோஃப்ளாக்சசினும் மாக்சிஃப்ளாக்சசினும் அதில் இருந்தன. அதிகம் புழங்கும் சிப்ரோஃப்ளாக்சசினும் ஆஃப்ளாக்சசினும் இல்லை. இவ்வகை முழுவதும் அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வர வேண்டும். கூட்டு மாத்திரைகள் மறுபரிசீலனைக்கு உள்ளாக வேண்டும். ஆலைக் கழிவில் ஆன்டிபயாடிக் அளவுக்குச் சட்ட வரம்பு வேண்டும்.

வாசகர் செய்யக்கூடியதும் உண்டு. சீட்டில்லாமல் இந்த மாத்திரைகளை வாங்காதீர்கள். சர்க்கரை மருந்தோ ஸ்டீராய்டோ எடுப்பவரானால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். மாத்திரை எடுக்கும் நாட்களில் குதிகாலில் வலியோ கைகாலில் எரிச்சலோ வந்தால் உடனே மருத்துவரை அழையுங்கள். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்கு மாத்திரை கேட்கும் முன் சளிப் பரிசோதனை கேளுங்கள்.