முதலிடம் யாருக்கு என்று சொல்பவர்கள்

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஐடிசி, கார்ட்னர் போன்ற சந்தை ஆய்வு நிறுவனங்கள் சர்வர் விற்பனை பற்றி ஓர் அட்டவணை வெளியிடும். கம்பெனியின் பெயர், அந்தக் காலாண்டின் வருவாய், சந்தைப் பங்கு, போன வருடம் இதே காலாண்டைவிட எவ்வளவு ஏற்றம் அல்லது இறக்கம். அவ்வளவுதான். ஆனால் அந்த நாலு பத்தியை வைத்துத்தான் விளம்பரம் எழுதப்படுகிறது, பங்கு விலை நகர்கிறது, டெண்டர் ஆவணத்தில் தகுதி நிபந்தனை நுழைகிறது. 2000-களின் நடுவில் ஐபிஎம், ஹெச்பி இரண்டுமே தாங்கள்தான் முதலிடம் என்றன. இரண்டும் உண்மை. ஐபிஎம் வருவாயைக் காட்டியது, ஹெச்பி விற்ற பெட்டிகளின் எண்ணிக்கையைக் காட்டியது.

இதை வைத்துக் கேலி செய்வது எளிது. எனினும் இந்த அட்டவணை இல்லாத நிலையை யோசித்துப் பாருங்கள். கம்பெனிகள் தங்கள் நிதி அறிக்கையில் சர்வரையும் ஸ்டோரேஜையும் சேவைக் கட்டணத்தையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிவிடும். ஒருவர் விற்றதை மற்றவர் விற்றதோடு ஒப்பிடவே முடியாது. ஆய்வு நிறுவனம் ஒரே வரையறையை வைத்துக்கொண்டு, காலாண்டுக்குக் காலாண்டு எல்லாரையும் அதே தராசில் நிறுக்கிறது. பங்கில் ஒரு விழுக்காட்டுக்குள் வித்தியாசம் இருந்தால் இருவரும் சமம் என்று ஐடிசி சர்வர் அட்டவணையின் அடிக்குறிப்பிலேயே சொல்லிவிடும். விளம்பரம் எழுதுபவர்கள் அந்த அடிக்குறிப்பைப் படிப்பதில்லை என்பது ஐடிசியின் குற்றமல்ல. நடந்ததை எண்ணிச் சொல்வதில் இவர்கள் கெட்டிக்காரர்கள்.

சிக்கல், எதை எண்ணுவது என்பதில் தொடங்குகிறது. ஹார்டு டிஸ்க்கையே எடுத்துக்கொள்வோம். 2010-இல் உலகம் முழுக்க 65 கோடி அளவுக்கு விற்றது; 2023-இல் அதில் கால் பங்குகூட இல்லை. எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் சாகும் தொழில். அதே காலத்தில் ஒரு டிஸ்க்கின் கொள்ளளவு அதிகபட்சம் 3 டெராபைட் என்பதிலிருந்து 20-ஐத் தாண்டியது. மடிக்கணினியை எஸ்எஸ்டி பிடித்துக்கொண்டது, ஹார்டு டிஸ்க் தரவு மையத்துக்குக் குடிபெயர்ந்தது. சர்வரிலும் 2023-இல் இதேபோன்ற வேடிக்கை: விற்ற எண்ணிக்கை சரிந்தபோதும் வருவாய் தாங்கி நின்றது. என்விடியா சிப் எட்டு வைத்த ஒரு செயற்கை நுண்ணறிவு சர்வரின் விலைக்குச் சாதாரண சர்வர் டஜன் கணக்கில் வாங்கலாம். பிறகு எண்ணிக்கைக்கு என்ன பொருள்?

இன்னொன்று, யாரை எண்ணுவது. கூகுள் தன் சர்வரைத் தானே வடிவமைத்தது. ஃபேஸ்புக் 2011-இல் ஓபன் கம்ப்யூட் திட்டத்தைத் தொடங்கித் தன் வடிவமைப்பை ஊருக்கே திறந்துவிட்டது. தைவானின் குவாண்டா போன்றவர்கள் பெயர்ப்பலகை இல்லாமல் செய்து நேரே அனுப்பினார்கள். இவர்களை எந்தப் பெயரில் எழுதுவது? கடைசியில் ‘ஓடிஎம் டைரக்ட்’ என்று அட்டவணையில் ஒரு தனி வரி முளைத்தது. இன்று அந்தப் பெயரில்லாத வரியின் பங்கு டெல்லைவிடவும் ஹெச்பிஇயைவிடவும் பெரியது.

வரையறையின் வேலி எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு ஜிபிஎஸ் கருவிகளைவிட நல்ல சாட்சி கிடையாது. காரின் முன்கண்ணாடியில் ரப்பர் உறிஞ்சியால் ஒட்டிவைத்த அந்தச் சின்னத் திரை. வரைபடத்தைப் புதுப்பிக்கத் தனியாகக் காசு. அந்தச் சந்தையில் அமெரிக்காவின் கார்மினும் நெதர்லாந்தின் டாம்டாமும் ஒன்றையொன்று கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தன. 2007-இல் டெலி அட்லஸ் என்ற வரைபடக் கம்பெனிக்கு டாம்டாம் பங்குக்கு 21.25 யூரோ தருவதாகச் சொன்னது. கார்மின் 24.50 என்றது. டாம்டாம் 30-க்கு ஏறி, மொத்தம் 290 கோடி யூரோவுக்கு வாங்கியது. அதே ஆண்டு நோக்கியா 810 கோடி டாலருக்கு நாவ்டெக் என்ற இன்னொரு வரைபடக் கம்பெனியை வாங்க ஒப்பந்தம் போட்டது. டாம்டாம் தன் 2008-ஆம் ஆண்டுக் கணக்கில் 100 கோடி யூரோவுக்கு மேல் மதிப்பிழப்பு எழுதியது. 2009 அக்டோபரில் டெலி அட்லஸின் வாடிக்கையாளராக இருந்த கூகுள், அமெரிக்காவில் அந்த வரைபடத்தைக் கைவிட்டுச் சொந்த வரைபடத்துக்கு மாறியது. அதே மாதம் ஆண்ட்ராய்டு போனில் வழிகாட்டும் வசதியை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. கார்மின், டாம்டாம் பங்குகள் அன்றே சரிந்தன. கூகுள் எந்தப் பெட்டியையும் விற்கவில்லை. அதனால் ஜிபிஎஸ் பெட்டி விற்பனைப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை. கார்மின் கைக்கடிகாரம், விமானம், படகு என்று திரும்பிப் பிழைத்தது.

நடந்ததை எண்ணும் அதே அறிக்கை நடக்கப்போவதைச் சொல்லத் தொடங்கும்போது என் மரியாதை குறைந்துவிடுகிறது. இன்டெலின் இட்டானியம் சிப் கதை ஒன்றே போதும். அந்தச் சிப்பில் ஓடும் சர்வர்கள் 2001-இல் ஆண்டுக்கு 3,800 கோடி டாலருக்கு விற்கும் என்று 1997-இல் ஐடிசி கணித்தது. முதல் சிப்பே 2001-இல்தான் சந்தைக்கு வந்தது. 2007 வரை மொத்தமாக விற்றவை 1,84,000 சர்வர்கள் என்று பிற்பாடு எண்ணிச் சொன்னதும் ஐடிசிதான். இடைப்பட்ட ஆண்டுகளில் கணிப்புக் கோட்டைத் தாழ்த்திக்கொண்டே வந்தார்கள். சிரிப்போடு விடக்கூடியதல்ல இது. அந்த எதிர்பார்ப்புச் சூழலில்தான் காம்பாக் நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஆல்ஃபா சிப்பைக் கைவிட முடிவெடுத்தது. அதற்குக் கணிப்பு மட்டுமே காரணமல்ல. ஆனால் இட்டானியம்தான் எதிர்காலம் என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லும்போது மாற்றி யோசிக்கும் துணிச்சல் எந்த நிர்வாகக் குழுவுக்கு வரும்? இந்த அறிக்கைகளைச் சந்தா கட்டி வாங்குபவர்களில் அதே சிப், சர்வர் கம்பெனிகளும் உண்டு என்பதையும் மறக்கலாகாது.

இப்போது செயற்கை நுண்ணறிவு சர்வர்களுக்குக் கணிப்புகள் குவிகின்றன. கோடு மேல்நோக்கியே போகிறது. ஆய்வு நிறுவனங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கலாம்: அடுத்த ஐந்தாண்டுக் கணிப்பை வெளியிடும்போது, ஐந்தாண்டுக்கு முன் சொன்னதையும் உண்மையில் நடந்ததையும் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் அச்சிடுங்கள்.